ஒரே கல்லீரல், இரண்டு உடல்கள், இரண்டு அளவுகள்: செல்களுக்கு எங்கே நிற்பது என்று எப்படித் தெரிகிறது?

#1 தாமிரபரணிக்கரை

அனைவருக்கும் வணக்கம். நான் வணிகவியல் படித்து, ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதிக்கொண்டிருப்பவள். உயிரியலோடு எனக்கிருந்த தொடர்பு பத்தாம் வகுப்போடு முடிந்துவிட்டது. ஆயினும் ஒரு கேள்வி சில மாதங்களாக என்னை விடாமல் பிடித்திருப்பதால் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

நான்கு மாதங்களுக்கு முன் என் தம்பி தன் கல்லீரலின் வலப்பகுதியை எங்கள் அப்பாவுக்குக் கொடுத்தான். அறுவை நடந்த அன்று தம்பியிடம் மிஞ்சியது சுமார் 525 மில்லிலிட்டர். அப்பாவுக்குள் வைத்தது சுமார் 850 மில்லிலிட்டர். மூன்றாம் மாதம் இருவருக்கும் எடுத்த ஸ்கேனில் தம்பியுடையது 1,290 என்றும் அப்பாவுடையது 1,040 என்றும் இருக்கிறது. தம்பியின் எடை 74 கிலோ, அப்பாவின் எடை 52 கிலோ. தொழில் பழக்கத்தால் இந்த எண்களை ஒரு தாளில் பத்தி பிரித்து எழுதிப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. இரண்டும் ஒரே கல்லீரலின் துண்டுகள், ஒரே ஆளின் செல்கள். அப்படியிருந்தும் ஒன்று ஏறத்தாழ இரண்டரை மடங்காகியிருக்கிறது. மற்றொன்று ஐந்தில் ஒரு பங்கு மட்டும் கூடிவிட்டு நின்றிருக்கிறது. எந்த அளவில் நிற்க வேண்டும் என்பதை அந்தச் செல்களுக்கு யார் சொல்கிறார்கள்?

இரண்டாவது கேள்வி என் அம்மாவுடையது. இவ்வளவு வேகமாக வளரும் ஒன்று நிற்காமல் போய்விட்டால் அதுதானே புற்றுநோய் என்று அவர் இரவில் எழுந்து உட்கார்ந்துகொண்டு கேட்கிறார். மருத்துவர் பயப்பட ஒன்றுமில்லை என்றார். அதை நான் நம்புகிறேன். ஆனால் ஏன் என்பது தெரிந்தால் அம்மாவிடம் நானே விளக்கிச் சொல்ல முடியும்.

#2 நுண்ணோக்கி

சகோதரி, உங்கள் அப்பாவும் தம்பியும் நலமாக இருப்பது மகிழ்ச்சி. நான் எலியின் கல்லீரல் செல்களை வைத்துப் பல ஆண்டுகள் ஆய்வகத்தில் வேலை செய்தவன். நீங்கள் தாளில் எழுதிய அந்த எண்கள், இத்துறையில் 1931 முதல் கேட்கப்பட்டுவரும் கேள்வியின் மையத்தைத் தொடுகின்றன.

அந்த ஆண்டில் ஹிக்கின்ஸ், ஆண்டர்சன் என்ற இருவர், எலியின் கல்லீரலில் மூன்றில் இரண்டு பங்கை வெட்டி எடுக்கும் முறையை வகுத்தார்கள். எலிக் கல்லீரல் தனித்தனி மடல்களாக இருப்பதால், காயப்படாத மடல்களை அப்படியே விட்டுவிட்டு மற்றவற்றின் அடியில் நூலால் கட்டி எடுத்துவிடலாம். நானே இதைச் செய்திருக்கிறேன். ஒரு வாரம் பத்து நாள் கழித்து வயிற்றைத் திறந்தால், வெட்டிய இடத்தில் நூல் முடிச்சும் காய்ந்த தழும்பும் அப்படியே இருக்கும். எடுத்த மடல்கள் முளைத்திருக்காது. மீந்த மடல்கள்தான் பருத்து, மொத்த எடையைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்திருக்கும். ஆகவே இது பல்லியின் வால் மீண்டும் வளர்வதைப் போன்றதன்று. கல்லீரல் தன் வடிவத்தை மீட்பதில்லை, அளவை மட்டுமே மீட்கிறது. உங்கள் தம்பியின் ஸ்கேனிலும் கல்லீரலின் உருவம் பழையதைப் போல இருக்காது.

யார் சொல்கிறார்கள் என்று கேட்டீர்கள். செய்தி இரத்தத்தின் வழியாக வருகிறது என்பதற்குத் தெளிவான சான்று 1967இல் கிடைத்தது. மூல்டன், பூக்கர் என்ற ஆய்வாளர்கள் இரண்டு எலிகளின் இரத்த ஓட்டத்தைக் குழாய்களால் ஒன்றாக இணைத்து, ஒன்றின் கல்லீரலை மட்டும் வெட்டினார்கள். வெட்டப்படாத எலியின் கல்லீரல் செல்களும் டிஎன்ஏவைப் படியெடுக்கத் தொடங்கின. அந்தக் கல்லீரலில் குறை ஏதும் இல்லை. ஆயினும் பக்கத்து உடலின் பற்றாக்குறை இரத்தத்தில் கலந்து வந்ததும் அது எழுந்துவிட்டது.

அளவு, கல்லீரல் எந்த உடலில் இருக்கிறதோ அந்த உடலைப் பொறுத்தது என்பதற்கும் சான்று உண்டு. சிறிய நாயின் கல்லீரலைப் பெரிய நாய்க்கு வைத்தால் வளர்கிறது. பெரிய நாயினுடையதைச் சிறியதற்கு வைத்தால் சுருங்குகிறது. 1992இல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் ஸ்டார்சல் குழுவினர் பபூன் குரங்கின் கல்லீரலை ஒரு மனிதருக்குப் பொருத்தினார்கள். அந்த நோயாளி 70 நாள்கள் உயிரோடு இருந்தார். அந்தக் காலத்துக்குள், குரங்குக்கு ஏற்ற அளவில் இருந்த அந்தக் கல்லீரல் மனிதக் கல்லீரலின் அளவை நோக்கி வளர்ந்துவிட்டது. உங்கள் தம்பியின் செல்கள் அப்பாவின் உடலில் செய்ததும் இதைத்தான்.

உடல் தன் தேவையைச் சொல்லும் வழிகளில் முதன்மையானது போர்ட்டல் சிரை. குடல், மண்ணீரல், கணையம் ஆகியவற்றிலிருந்து திரும்பும் இரத்தம் முழுவதும் இந்தச் சிரை வழியாகக் கல்லீரலுக்குள் நுழைகிறது. கல்லீரலில் மூன்றில் ஒரு பங்கே இருந்தாலும் குடல் அனுப்பும் இரத்தம் குறைவதில்லை. ஆகவே ஒவ்வொரு கிராம் திசுவின் வழியாகவும் ஓடும் இரத்தம், அதில் வரும் இன்சுலின், அமினோ அமிலங்கள், பித்த உப்புகள் எல்லாம் அறுவை மேசையிலேயே பன்மடங்காகிவிடுகின்றன. செல் எண்ணிக்கையைக் கல்லீரல் எண்ணிப் பார்ப்பதில்லை; தன் தலையில் விழும் சுமையை ஒவ்வொரு செல்லும் தனியாக உணர்கிறது என்றே நான் புரிந்துகொண்டிருக்கிறேன்.

#3 மூன்றாமாண்டு விலங்கியல்

அருமையான விளக்கம், ஐயா. நான் ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 525 மில்லிலிட்டர் 1,290 ஆகியிருக்கிறது என்றால் 2.46 மடங்கு. ஒரு செல் ஒருமுறை பிரிந்தால் இரண்டு, மறுமுறை பிரிந்தால் நான்கு என்பதால், சராசரியாக ஒவ்வொரு செல்லும் 1.3 முறை பிரிந்திருக்க வேண்டும். அதாவது எல்லாச் செல்களும் ஒருமுறை, அவற்றுள் ஒரு பகுதி இரண்டாம் முறை. இது சரியா?

#4 நுண்ணோக்கி

நல்ல கணக்கு, தங்கையே. ஆனால் அதில் ஓர் ஊகம் ஒளிந்திருக்கிறது: செல்லின் பருமன் மாறவே இல்லை என்று எடுத்துக்கொண்டுவிட்டீர்கள். வளர்ச்சியும் பெருக்கமும் ஒன்றென்று நாம் பேச்சில் குழப்பிக்கொள்வது இந்த இடத்தில்தான். ஒரு செல் புரதத்தையும் கொழுப்பையும் சேர்த்துப் பருப்பது வளர்ச்சி. ஒன்று இரண்டாவது பெருக்கம். பெரும்பாலும் இரண்டும் கைகோத்து நடப்பதால் ஒரே நிகழ்வாகத் தோன்றுகின்றன. பிரித்துப் பார்த்தால் வேறு வேறு கட்டளைகள்.

2012இல் ஜப்பானில் மியாஜிமாவின் ஆய்வகத்தைச் சேர்ந்த மியாவோகா முதலானோர் சுண்டெலிகளில் இதைத் துல்லியமாக அளந்தார்கள். கல்லீரலில் 30 சதவீதத்தை எடுத்தபோது, மீந்த செல்கள் பருத்தே குறையை ஈடுசெய்துவிட்டன; பிரியவில்லை. 70 சதவீதத்தை எடுத்தபோது முதலில் பருத்தன, பிறகு பிரிந்தன. அப்போதும் சராசரியாக ஒரு செல்லுக்கு ஒரு பிரிவு கூட முழுதாக ஆகவில்லை. கல்லீரல் செல்களில் பல இயல்பாகவே இரண்டு உட்கருக்கள் கொண்டவை. அவற்றுட் சில, டிஎன்ஏவைப் படியெடுத்த பிறகும் இரண்டாகப் பிளக்காமல் பெரிய உட்கருவோடு அப்படியே நின்றுவிடுகின்றன. எனவே மனிதரிலும் உங்கள் 1.3ஐ உச்ச வரம்பாகக் கொள்வதே பொருத்தம். உண்மை எண் அதற்குக் கீழே இருக்கலாம்.

வளர்ச்சியும் பெருக்கமும் வேறு என்பதை இதைவிடக் கூர்மையாகக் காட்டியது 2000ஆம் ஆண்டில் வெளிவந்த ஒரு சோதனை. செல்லுக்குள் புரதங்களை உண்டாக்கும் ரைபோசோமின் உறுப்பான எஸ்6 என்ற புரதத்தை, வளர்ந்த சுண்டெலிகளின் கல்லீரலில் மட்டும் இல்லாமற் செய்தார்கள். அந்த எலிகளைப் பட்டினி போட்டபோது கல்லீரல் சுருங்கியது. மறுபடி உணவு கொடுத்ததும் பழைய பருமனுக்கு வளர்ந்தது. ஆனால் அதே கல்லீரலை வெட்டியபோது செல்கள் பிரிய மறுத்தன. புதிய ரைபோசோம்களை உருவாக்க இயலவில்லை என்பதை அந்தச் செல்கள் எப்படியோ உணர்ந்து, பிரிவின் வாசலிலேயே நின்றுவிட்டன. பிள்ளைக்குக் கொடுக்கப் போதுமான பண்டம் வீட்டில் இல்லை என்று தெரிந்தால் பிரிவதில்லை என்பதே அந்த எலிகளிடம் நான் கண்ட செய்தி.

#5 வடமராட்சி ஆசிரியர்

வணக்கம். நான் உயர்தர வகுப்புகளுக்கு உயிரியல் கற்பிக்கின்றவன். எங்கள் பாடநூல்களில் செல் என்பதைக் கலம் என்றும், கல்லீரலை ஈரல் என்றும் எழுதுவோம். இங்கே வாசிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

மேலே சொல்லப்பட்ட 'பிரிவின் வாசல்' என்பதைச் சற்று விரித்தால் நன்று. ஒரு கலம் ஒரு பிரிவிலிருந்து அடுத்த பிரிவு வரை கடக்கின்ற சுற்றே கலவட்டம். மாணவர்களுக்கு அதன் கட்டங்களை ஜி1, எஸ், ஜி2, எம் என்று ஒரு வட்டமாக வரைந்து கொடுக்கின்றோம். அவர்கள் அதைக் கடிகார முகப்பாக மனத்தில் பதித்துக்கொள்கின்றார்கள். முள் தானாகச் சுற்றுவதாக எண்ணுகின்றார்கள். அந்த வட்டம் எப்படி நகர்கின்றது என்பது வெளிப்பட்ட கதை ஒன்றை நான் வகுப்பில் ஒவ்வோர் ஆண்டும் சொல்வதுண்டு.

1982 யூலையில், அமெரிக்காவின் வுட்ஸ் ஹோல் கடலோர ஆய்வகத்தில் டிம் ஹண்ட் என்ற ஆங்கிலேயர் கடல் முள்ளெலிகளின் முட்டைகளை வைத்து வேலை செய்துகொண்டிருந்தார். கருக்கட்டிய முட்டைகள் எல்லாம் ஏறத்தாழ ஒரே நேரத்தில் பிரிவதால் அவை இதற்கு மிக வசதியானவை. முட்டைகள் இருந்த கடல்நீரில் கதிரியக்கம் ஏற்றிய மெதியோனின் என்ற அமினோ அமிலத்தைக் கலந்து, குறித்த இடைவெளிகளில் சிறிது சிறிதாக எடுத்து, அவற்றில் உண்டான புரதங்களை ஜெல்லில் ஓடவிட்டுப் பட்டைகளாகப் பிரித்தார். நேரம் ஆக ஆக ஒவ்வொரு புரதப் பட்டையும் கறுத்துக்கொண்டே போவதுதான் எதிர்பார்க்கத்தக்கது. ஒரே ஒரு பட்டை மட்டும் கறுத்து வந்து, முட்டை பிரிகின்ற தறுவாயில் திடீரென்று மறைந்து, பிறகு மீண்டும் தோன்றியது. அந்தப் புரதத்துக்கு அவர் சைக்ளின் என்று பெயரிட்டார். ஒரு புரதத்தை உண்டாக்கிக் குவித்து, பின்பு ஒரே வீச்சில் அழிப்பதுதான் கலவட்டத்தை முன்னே தள்ளுகின்றது என்பது அதிலிருந்து விளங்கியது. சைக்ளின் சேர்ந்தாலன்றி இயங்காத நொதியின் மரபணுவை லீலண்ட் ஹார்ட்வெல்லும் போல் நர்ஸும் ஈஸ்ட்டுகளில் கண்டறிந்திருந்தார்கள். மூவருக்கும் 2001இல் நோபல் பரிசு கிடைத்தது.

ஆனால் என் ஐயம் இதுதான். முள்ளெலி முட்டை தாயிடமிருந்து வேண்டிய பண்டம் அனைத்தையும் பெற்று வைத்திருப்பதால், யாரையும் கேட்காமல் பிரிந்துகொண்டே போகின்றது. ஈரற் கலமோ ஆண்டுக்கணக்காகச் சும்மா இருந்துவிட்டு, கேட்கும்போது மட்டும் பிரிகின்றது. இரண்டுக்கும் அதே சைக்ளின் இயந்திரம் என்றால், ஈரலில் அதைப் பூட்டி வைத்திருப்பது எது?

#6 நுண்ணோக்கி

ஆசிரியர் ஐயாவின் கேள்விக்கு நன்றி. 'சும்மா இருப்பது' என்ற சொல்லிலிருந்தே தொடங்குகிறேன், ஏனெனில் அந்த ஓய்வைக் காப்பதற்கே செல் நிறைய வேலை செய்கிறது.

பூட்டுகளில் முக்கியமானது ஆர்பி என்ற புரதம். குழந்தைகளின் விழித்திரையில் வரும் ரெட்டினோபிளாஸ்டோமா என்ற புற்றுநோயை ஆராய்ந்த ஆல்ஃபிரட் நட்ஸன், 48 குழந்தைகளின் விவரங்களைக் கொண்டு, இரண்டு மரபணுப் பிறழ்வுகள் நேர்ந்தால்தான் இந்நோய் வருகிறது என்று 1971இல் எழுதினார். அவை ஒரே மரபணுவின் இரண்டு படிகளிலும் நேர்பவை என்பது பின்னர் தெளிவாயிற்று. மரபணுவே கையில் கிடைக்காத காலத்தில், எந்த வயதில் எத்தனைக் கண்களில் கட்டி வந்தது என்ற கணக்கை மட்டும் வைத்து அவர் அதைக் கண்டார் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கும். 1986இல் கண்டுபிடிக்கப்பட்ட அந்த மரபணு உண்டாக்கும் புரதமே ஆர்பி. டிஎன்ஏவைப் படியெடுப்பதற்கு வேண்டிய மரபணுக்களைத் தூண்டும் ஈ2எஃப் என்ற புரதத்தை அது இறுகப் பற்றிக்கொண்டிருக்கிறது. பிரியச் சொல்லும் புரதங்களான வளர்ச்சிக் காரணிகள் வெளியிலிருந்து வந்தால் செல்லில் சைக்ளின் டி உண்டாகிறது, அதனோடு சேர்ந்த நொதி, ஆர்பியின் மீது பாஸ்பேட்டுகளை ஏற்றுகிறது, பிடி தளர்கிறது, ஈ2எஃப் விடுபடுகிறது. அதன் பிறகு வெளிக்கட்டளை நின்றுபோனாலும் செல் அந்தச் சுற்றை முடித்தே தீரும். திரும்பி வர இயலாத அந்த இடத்தை ஆர்தர் பார்டி 1974இல் காட்டினார். முள்ளெலி முட்டை தன் தொடக்கப் பிரிவுகளில் இந்த வாசலைக் கடக்க வேண்டியதே இல்லை. உடலின் செல்கள் கடந்தாக வேண்டும்.

கல்லீரலில் இந்த வாசல் ஒரே தட்டில் திறப்பதில்லை. அறுவை முடிந்த சில நிமிடங்களில் தொடக்க மரபணுக்கள் விழிக்கின்றன. கல்லீரலுக்குள் வாழும் குப்ஃபர் செல்கள் என்ற நோயெதிர்ப்புச் செல்கள் ஐஎல்6 என்ற சமிக்ஞைப் புரதத்தை வெளியிட்டு, கல்லீரல் செல்களை ஆயத்தப்படுத்துகின்றன. அவ்வாறு ஆயத்தமான செல்லுக்கே எச்ஜிஎஃப், ஈஜிஎஃப் போன்ற வளர்ச்சிக் காரணிகளின் சொல் முழுமையாக ஏறுகிறது. எலியில் ஏறத்தாழ 24 மணி நேரத்தில் டிஎன்ஏ படியெடுப்பு உச்சத்தை அடைகிறது. சுண்டெலியில் ஒன்றரை நாளுக்கு மேலாகிறது. முதல் முறை அந்த நேரத்து எலிக் கல்லீரல் துண்டுகளைச் சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்த்தபோது, வழக்கமாக ஒரு செல் கூடப் பிரியாத அந்தப் பரப்பில் பார்க்குமிடமெல்லாம் குரோமோசோம்கள் நடுவில் வரிசை கட்டி நின்றதைக் கண்டு, இருக்கையை விட்டு எழுந்து மற்றவர்களைக் கூப்பிட்டேன்.

#7 மருந்தாளுநர்

மேலே எஸ்6 பற்றி எழுதியிருந்ததால், பண்ட இருப்பைக் கண்காணிக்கும் புரதத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதன் பெயர் எம்டார். அமினோ அமிலம், ஆற்றல், இன்சுலின் ஆகிய மூன்றும் போதுமான அளவில் இருக்கின்றனவா என்று பார்த்து, புரத உற்பத்தியைத் தொடங்குவதும் நிறுத்துவதும் அதன் பணி. பருத்தல் என்ற கட்டளையின் பெரும்பகுதி அதன் வழியாகவே செல்கிறது.

நமக்கு அதைக் காட்டிக்கொடுத்தது, உறுப்பு மாற்றம் செய்துகொண்டவர்கள் பலர் உட்கொள்ளும் சிரோலிமஸ் என்ற மருந்து. 1964இல் கனடாவிலிருந்து ஈஸ்டர் தீவுக்குச் சென்ற ஆய்வுக்குழு கொண்டுவந்த மண்ணில் இருந்த ஒரு நுண்ணுயிரிதான் இந்தப் பொருளை உண்டாக்கியது. தீவின் உள்ளூர்ப் பெயர் ராப்பா நூயி என்பதால் ராப்பாமைசின் என்று பெயர் வைத்தார்கள். அதைப் பிரித்தெடுத்தவர்களில் முதன்மையானவர், பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்தில் மருந்தியல் படித்துவிட்டு வெளிநாடு சென்ற சுரேந்திர நாத் சேகல். மான்ட்ரியலில் அவர் வேலை பார்த்த ஆய்வகம் 1980களின் தொடக்கத்தில் மூடப்பட்டபோது, அந்த நுண்ணுயிரியை அழியவிட மனமின்றித் தன் வீட்டு உறைபெட்டியில் எடுத்து வைத்துக் காப்பாற்றினார். அந்த மருந்து எந்தப் புரதத்தைப் பிடிக்கிறது என்பதை 1991இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் ஹைட்மன், மோவா, ஹால் ஆகியோர் ஈஸ்ட்டில் கண்டார்கள், அதுவே டார்; நம்மில் அதன் பெயர் எம்டார். 1999இல் அந்த மருந்து சிறுநீரக மாற்றத்துக்கான மருந்தாக அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது.

இழையைத் தொடங்கிய சகோதரிக்கு ஒரு வார்த்தை: இந்த மருந்து கொடுத்த எலிகளில் கல்லீரலின் மீள்வளர்ச்சி மந்தமாகிறது. உங்கள் அப்பாவுக்கு எந்த மருந்து, எந்த மாதத்தில் என்பதை மருத்துவர் முடிவு செய்திருப்பார். இணையத்தில் படித்ததைக் கொண்டு அதை மாற்ற வேண்டாம்.

#8 பழைய மரம்

இதுவரை வாசித்ததில் ஒன்று எனக்கு ஒப்பவில்லை. செல்லின் இயல்பு ஓய்வு என்றும், வெளியிலிருந்து கட்டளை வந்தால்தான் அது பிரியும் என்றும் எழுதிக்கொண்டே போகிறோம். பாக்டீரியாவுக்கு யார் கட்டளை இடுகிறார்கள்? உணவு இருந்தால் அது பெருகுகிறது. ஒற்றைச் செல் உயிர்கள் எல்லாம் அப்படித்தான். பல செல் உயிர்கள் அவற்றிலிருந்தே வந்தன என்றால், பெருக்கமே இயல்பு, அடக்கமே பிற்பாடு கற்றுக்கொண்டது என்று சொல்வதுதானே முறை? அமெரிக்காவில் சோனன்ஷைன், சோட்டோ என்ற இருவரும் நெடுங்காலமாக இவ்வாறு வாதிட்டு வருகிறார்கள் என்பதையும் நினைவூட்டுகிறேன்.

#9 நுண்ணோக்கி

உங்கள் மறுப்பை மதிக்கிறேன். பரிணாம நோக்கில் நீங்கள் சொல்வதில் வலு இருக்கிறது. ஆனால் பாக்டீரியாவின் 'உணவு இருந்தால்' என்பதும் ஒரு நிபந்தனைதானே. பல செல் உயிரில் அந்த நிபந்தனை இடம் மாறியிருக்கிறது என்று நான் பார்க்கிறேன். நம் கல்லீரல் செல்லைச் சுற்றிலும் எந்நேரமும் குளுக்கோஸும் அமினோ அமிலமும் நிறைந்த இரத்தம் ஓடுகிறது. உணவு மட்டுமே போதுமென்றால் ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டுக்குப் பிறகும் கல்லீரல் இருமடங்காகியிருக்கும். ஆகவே உணவுக்கு மேலே மற்றொரு அனுமதி தேவைப்பட்டது. வளர்ச்சிக் காரணி அந்த அனுமதி.

ஆனால் தடையை அகற்றினால் என்ன ஆகும் என்ற கேள்விக்கு உங்கள் பக்கம் சாயும் சான்றும் உண்டு. அதை மறைக்க மாட்டேன். பழ ஈக்களில் ஹிப்போ என்று பெயரிடப்பட்ட ஒரு மரபணு இருக்கிறது. அது கெட்டால் ஈயின் உறுப்புகள் அளவு மீறி, தோல் மடிந்து வளரும். அந்த வழித்தடம் நம்மிலும் இருக்கிறது. யாப் என்ற புரதத்தை உட்கருவுக்குள் விடாமல் தடுப்பது அதன் வேலை. 2007இல் சுண்டெலிகளின் கல்லீரலில் யாப் புரதத்தை மிகுதியாக உண்டாக்கியபோது கல்லீரல் சில வாரங்களில் சுமார் நான்கு மடங்காகியது. வெட்டவில்லை, காயமில்லை. அதைவிட வியப்பு, யாப்பை மீண்டும் குறைத்ததும் கல்லீரல் பழைய அளவுக்குச் சுருங்கிவிட்டது. நீண்ட நாள் குறைக்காமல் விட்ட எலிகளுக்குக் கட்டிகள் வந்தன.

#10 பழைய மரம்

நன்றி. நிபந்தனை இடம் மாறியது என்ற விளக்கத்தை ஏற்கிறேன். இயல்பு என்ற சொல்லைப் பற்றிய என் கருத்தை மட்டும் வைத்துக்கொள்கிறேன். சகோதரியின் முதல் கேள்விக்கு விடை இன்னும் முழுமையாகவில்லை. தொடங்குவதை எழுதினீர்கள். நிறுத்துவது எது?

#11 நுண்ணோக்கி

இதில் ஒரே பதில் இல்லை. பல கைகள் ஒரே நேரத்தில் கயிற்றை இழுக்கின்றன.

முதலாவது, தொடங்கிய காரணமே தேய்ந்துவிடுகிறது. திசு கூடக்கூட ஒவ்வொரு கிராமுக்கும் வரும் இரத்தம் குறைகிறது. பித்த உப்பின் சுமை குறைகிறது. உங்கள் அப்பாவின் உடல் 52 கிலோ. அந்த உடலின் குடலும் தசையும் தரும் சுமைக்கு 850 மில்லிலிட்டர் கல்லீரல் சற்றே குறைவு, 1,040 ஏறத்தாழப் போதும். தம்பிக்கு 525 என்பது மிகப் பெரிய குறை. அதனால்தான் ஒரே செல்கள் இரு வேறு தொலைவு ஓடியிருக்கின்றன.

இரண்டாவது, தீவிரமான தடைகள். டிஜிஎஃப் பீட்டா என்ற புரதம் கல்லீரல் செல்களின் பிரிவை அடக்கும். பிரிவு மும்முரமாக நடக்கும் நாள்களில் செல்கள் அதன் சொல்லுக்குக் காது கொடுப்பதில்லை. பிறகு அந்தக் கட்டுப்பாடு திரும்புகிறது.

மூன்றாவதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. செல்களுக்கு வெளியே அவற்றைத் தாங்கி நிற்கும் புரதப் பின்னல் ஒன்று உண்டு. வேகமாகப் பிரிந்த கல்லீரல் செல்கள் முதலில் சிறு சிறு கொத்துகளாகக் குவிந்து கிடக்கும்; இரத்த நுண்குழாய்கள் பின்னரே அந்தக் கொத்துகளுக்குள் புகுந்து, ஒவ்வொரு செல்லும் ஒரு பக்கமாவது பின்னலையும் இரத்தத்தையும் தொடும்படி வரிசையை மீட்கின்றன. அந்தத் தொடுகையைச் செல்லுக்குள் எடுத்துச் சொல்லும் ஐஎல்கே என்ற புரதத்தைக் கல்லீரல் செல்களிலிருந்து நீக்கிய சுண்டெலிகளில், வெட்டிய கல்லீரல் வழக்கமான இடத்தில் நிற்காமல், பழைய அளவைப் போல் ஒன்றரை மடங்குக்கும் மேல் வளர்ந்தது. தான் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறோம் என்ற செய்தி கிடைத்தால்தான் செல் நிற்கிறது என்று இதை வாசிக்கிறேன்.

#12 நோயியல் மேசை

நான் திசு நோயியல் துறையில் இருப்பவள். கல்லீரல் புற்றுத் துண்டுகளை அடிக்கடி பார்க்கிறேன் என்பதால், அம்மாவின் கேள்விக்கு என்னால் இயன்றதைச் சொல்கிறேன்.

அம்மா நினைப்பது பிழையான எண்ணமன்று. ஒவ்வொரு பிரிவின்போதும் டிஎன்ஏவைப் படியெடுப்பதில் பிழை நேர வாய்ப்புண்டு; பிழைகள் சேர்ந்தால் பூட்டுகள் உடையலாம். ஆனால் எத்தனை முறை, எந்தச் சூழலில் பிரிகிறது என்பதே வேறுபாடு. தம்பியின் செல்கள் அதிகம் போனால் ஒரு முறையோ இரு முறையோதான் பிரிந்திருக்கும். 1997இல் ஒரு குழு, ஒரு சுண்டெலியின் கல்லீரல் செல்களை எடுத்துக் கல்லீரல் பழுதான வேறொரு சுண்டெலிக்குள் வைத்து, அது வளர்ந்ததும் எடுத்து இன்னொன்றுக்குள் வைத்து, இவ்வாறு தொடர்ந்து சென்றபோது செல்கள் குறைந்தது 69 முறை இரட்டித்தும் கல்லீரல் செல்களாகவே வேலை செய்தன. அந்த 69க்கு முன் தம்பியின் செல்கள் செய்தது மிகச் சிறிது. படியெடுப்பில் பிழை கண்டால் பிரிவை நிறுத்தும் பி53 முதலிய காவல்களும் அவனிடம் பழுதின்றி இருக்கின்றன. கொடையாளர்களுக்கு இந்த வளர்ச்சியினாலேயே புற்று வருவதாக மருத்துவ அனுபவம் காட்டவில்லை.

நான் மேசையில் காணும் கட்டிகளின் வரலாறு வேறு. பெரும்பாலும் அவை ஹெபடைட்டிஸ் பி, சி வைரஸ்களோ, மதுவோ, கொழுப்போ பத்து இருபது ஆண்டுகள் அரித்த கல்லீரலில் எழுகின்றன. அங்கே செல்கள் நாள்தோறும் செத்துக்கொண்டிருப்பதால் மீந்தவை ஓயாமல் பிரிய வேண்டியிருக்கிறது, சுற்றிலும் அழற்சி, முன்னே நுண்ணோக்கி எழுதிய அந்தப் பின்னல் தழும்பாகித் தடித்துப் போயிருக்கும். ஓயாமல் பிரிந்த செல்களின் குரோமோசோம் முனைகள் தேய்ந்து, பெரும்பாலானவை பிரிவதையே நிறுத்திவிடும். அந்தத் தேய்விலிருந்து தப்பும் வழியைக் கண்டுகொண்ட ஒரு செல்தான் கட்டியாகிறது. கல்லீரல் புற்றுகளில் சுமார் 60 சதவீதத்தில், குரோமோசோம் முனைகளைப் புதுப்பிக்கும் டெலோமரேஸ் நொதியின் மரபணுவைத் தூண்டும் பகுதியில் மாற்றம் காணப்படுகிறது. கண்ணாடித் தகட்டிலேயே வேறுபாடு தெரியும். மீள்வளர்ச்சி அடங்கிய கல்லீரலில் செல்கள் ஒன்றிரண்டு வரிசையாக, இரத்த வழிகளின் இருபுறமும் ஒழுங்காக நிற்கும். புற்றில் அந்த வரிசை மூன்று, நான்கு, அதற்கும் மேல் என்று தடித்துவிடும். அவற்றைத் தாங்கும் நார்ப்பின்னலைச் சாயமேற்றிப் பார்த்தால் அது பெரும்பாலும் அறுந்தோ மறைந்தோ இருக்கும்.

ஆகவே அம்மாவிடம், தம்பிக்கு ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி முழுமையாகப் போடப்பட்டதா என்று பார்க்கச் சொல்லுங்கள். மதுவைத் தவிர்க்கவும், எடை கூடாமல் பார்த்துக்கொள்ளவும், அழைத்த நாள்களில் பரிசோதனைக்குப் போகவும் சொல்லுங்கள்.

#13 மூன்றாமாண்டு விலங்கியல்

என் கணக்கைத் திருத்திக்கொண்டேன், ஐயா. செல்லின் பருமன் ஒன்றரை மடங்காகியிருந்தால் 2.46ஐ 1.5ஆல் வகுக்க 1.64 வருகிறது; அப்படியானால் சராசரியாகச் செல்லுக்கு 0.7 பிரிவு. அதாவது பத்தில் ஆறு அல்லது ஏழு செல்கள் ஒரே ஒரு முறை பிரிந்திருந்தாலே போதும். அப்பாவின் பக்கத்தில் 850, 1,040 ஆனதற்கு ஒரு செல் கூடப் பிரிய வேண்டிய தேவையே இல்லை போலிருக்கிறது. பருத்தாலே போதுமல்லவா?

#14 நுண்ணோக்கி

கணக்கு அப்படித்தான் சொல்கிறது. ஆனால் அப்பாவுக்குள் சென்ற துண்டு, இரத்தமின்றிப் பனிக்கட்டிக் குளிரில் சிறிது நேரம் இருந்து, பிறகு வேறோர் உடலின் நோயெதிர்ப்பைச் சந்தித்திருக்கிறது. அதில் சில செல்கள் இறந்திருக்கும், அவற்றை ஈடுசெய்யச் சில செல்கள் பிரிந்திருக்கும். எடையை மட்டும் அளப்பதால் அந்த வரவு செலவு நமக்குத் தெரிவதில்லை. இதைச் சகோதரி நன்றாகப் புரிந்துகொள்வார். இருப்பை மட்டும் பார்த்தால் புரண்ட தொகை தெரியாதல்லவா.

#15 தாமிரபரணிக்கரை

அனைவருக்கும் நன்றி. மூன்று நாள்களாக இரவில் இவற்றைத் தாளில் எழுதி எடுத்துக்கொண்டேன். நேற்று அம்மாவை உட்காரவைத்து, அந்த 69 என்ற எண்ணையும், செல்கள் வரிசை கட்டி நிற்பதையும் சொன்னேன். வரிசையைத்தான் அவர் பிடித்துக்கொண்டார். "அதது அதன் இடத்துல போய் நின்னுக்கிச்சா?" என்று இரண்டு முறை கேட்டார்.

தம்பியின் பழைய ஸ்கேனையும் புதியதையும் ஜன்னல் வெளிச்சத்தில் அருகருகே பிடித்துப் பார்த்தோம். நுண்ணோக்கி ஐயா சொன்னது போல உருவம் வேறாகத்தான் இருக்கிறது. வலப்பக்கம் வெட்டிய இடம் காலியாக இருக்க, இடப்பகுதி உருண்டு திரண்டு அந்த வெற்றிடத்தின் பக்கம் சாய்ந்திருக்கிறது. தடுப்பூசி அட்டையைத் தேடி எடுத்ததில் மூன்றாவது ஊசிக்கான கட்டம் வெறுமையாக இருப்பது தெரிந்தது. மருத்துவரிடம் தொலைபேசியில் கேட்டோம். அடுத்த முறை வரும்போது இரத்தத்தில் எதிர்ப்புப் புரதத்தின் அளவைப் பார்த்துவிட்டுப் போட்டுக்கொள்ளலாம் என்று சொல்லியிருக்கிறார்.